ஹலோ அக்காவின் ஓட்டம்

அந்தக் குடியிருப்பில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்கும் ஹலோ அக்கா, வாண்டுகளுக்கும் ஹலோ அக்கா. மூன்றாவது மாடி ஜன்னல் திறந்திருந்தால் போதும், காலையில் ஆரம்பித்துச் சாயங்காலம் வரைக்கும் அந்தக் குரல் கீழே கொட்டிக்கொண்டே இருக்கும். "ஹலோ, வணக்கம் சார், மெஷின்ல என்ன பிரச்சினைன்னு சொல்லுங்க சார்." துணி துவைக்கும் மெஷினும் ஃப்ரிட்ஜும் விற்கிற ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவளுக்கு வேலை. வேலைக்கென்று வாசலைத் தாண்டிப் போனதில்லை. படுக்கையறையில் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், தலையில் ஒரு ஹெட்செட். அவ்வளவுதான் ஆபீஸ்.

"உனக்கென்னம்மா, வீட்டுலயே வேலை" என்று சொல்லாத ஆள் கிடையாது. அப்படிச் சொல்கிறவர்களை ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். ஒருத்தர் மெஷின் ஆடுகிறது என்பார். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "வீட்டுலதான் வெச்சிருக்கேன், தலையிலயா வெச்சிருப்பேன்?" என்று எகிறுவார். ஒரு அம்மா ஃப்ரிட்ஜுக்குள் லைட் எரியவில்லை என்று ஆரம்பித்து, மருமகள் வீட்டுக்குள் காலடி வைத்த நாளிலிருந்து நடந்த அத்தனையும் ஒப்பித்து முடித்த பிறகுதான் ஃப்ரிட்ஜின் நம்பரைச் சொல்வார். அத்தனை பேருக்கும் ஒரே குரலில் தேன் ஒழுகப் பதில் சொல்ல வேண்டும். குரல் கொஞ்சம் சலித்தாலும் சூப்பர்வைசருக்குத் தெரிந்துவிடும். அந்தம்மாள் எங்கேயோ தன் வீட்டில் உட்கார்ந்தபடி யார் பேசுவதை வேண்டுமானாலும் இடையில் புகுந்து கேட்கலாம். கேட்டுவிட்டு மார்க் போடுவார். பின்னால் குக்கர் விசில் அடித்தால் மார்க் போச்சு. காலிங் பெல் அடித்தால் போச்சு. குழந்தை சத்தம் கேட்டால் மொத்தமும் போச்சு.

ஆகவே வீடே வாயைக் கட்டிக்கொண்டது. காலிங் பெல்லின் ஒயரை அவள் புருஷன் தானே பிடுங்கி விட்டான். லிஃப்ட் மெக்கானிக், அவனுக்கு அதெல்லாம் சொடக்குப் போடும் வேலை. குக்கர் விடியலிலேயே விசிலடித்து முடித்துவிட வேண்டும். மாமனார் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், வாழ்நாள் முழுக்க ஹாரன் அடித்தே பேசிப் பழகிய மனுஷர். அவர் டிவியைச் சத்தமில்லாமல் பார்க்கக் கற்றுக்கொண்டார். "செய்தி வாசிக்கிற பொண்ணு வாயைத் திறந்து திறந்து மூடுது. என்ன சொல்லியிருக்கும்னு நானே யோசிச்சுக்கிறேன். நிஜச் செய்தியை விட அது நல்லாத்தான் இருக்கு" என்பார்.

மிச்சம் இருந்தது மகள். இரண்டாம் வகுப்பு படிக்கிற பொடிசு. அவளைப் பொடிசு என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். ஸ்கூல் விட்டு வரும்போது அம்மாவின் ஷிஃப்ட் முடிந்திருக்காது. அதனால் இருவருக்கும் இடையில் ஒரு சைகைப் பாஷையே உருவாகிவிட்டது. கட்டை விரலை வாயில் வைத்தால் தண்ணீர். வயிற்றில் கை வைத்தால் பசி. காற்றில் எழுதிக் காட்டினால் வீட்டுப்பாடம். இந்தப் பக்கத்திலிருந்து பதில் ஒன்றே ஒன்றுதான், விரித்த உள்ளங்கை. பொறு. சட்டம் ரொம்பச் சுலபம்: ஹெட்செட் தலையில் இருந்தால் அம்மா வீட்டில் இல்லை. சின்ன வயதில் இதற்காக அழுது புரண்ட குழந்தைதான், போகப் போகப் பழகிவிட்டாள். "அடடா, எவ்வளவு சமத்து! இருக்கிற இடமே தெரியலையே" என்று வருகிறவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். ஹலோ அக்காவுக்கு அதில் பெருமை வேறு! பிள்ளை இருக்கிற இடம் தெரியவில்லை என்பதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

ஒரு நாள் கம்பெனியின் சர்வர் படுத்துவிட்டது. அழைப்பே வரவில்லை. காதில் ஒரு சத்தமும் இல்லை. எழுந்து போகலாம் என்று ஹெட்செட்டைக் கழற்றக் கை தூக்கினாள். கை பாதியில் நின்றது. வெளியே மாமனார் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார், மருமகள் தலையைப் பார்த்தார், பூனை நடை போட்டுத் திரும்பிப் போனார். பொடிசு வந்தாள், பார்த்தாள், போனாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. என்ன சமைக்கட்டும், சாக்ஸ் எங்கே, கரண்ட் பில் கட்டியாச்சா, ஒன்றும் கிடையாது. ஹலோ அக்கா ஜன்னல் பக்கமாக நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சும்மா உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஜன்னலுக்குக் கீழே குடியிருப்பின் மைதானம். நாலு பேர் அதைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்கேயும் போய்ச் சேராமல் இப்படி வேர்த்துக் கொட்டுவதில் என்ன சுகம் என்று வேடிக்கை பார்த்தாள்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் ஹெட்செட் தலையிலேயே இருக்கும். கொஞ்ச நேரம்தான். ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்து விட்டுவிட்டுச் சும்மா நின்ற அம்மாக்களுக்கு இது புரியும். மற்றவர்கள் அவளைத் திட்டிக்கொள்ளட்டும்.

ஒரு நாள் மாமனார் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். ஹலோ அக்கா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஹெட்செட்டும் தலையுமாக ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பொடிசு பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. அந்த ஹெட்செட் அப்படி, காதை முழுக்க அடைத்துவிடும். குழந்தை எழுந்து, வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு படுக்கையறை வாசலுக்கு வந்தாள். அம்மாவின் முதுகைப் பார்த்தாள். தலையில் ஹெட்செட்டைப் பார்த்தாள். நின்றாள்.

தண்ணீருக்குச் சைகை இருந்தது. பசிக்கு இருந்தது. வலிக்கிறது என்று சொல்ல அவர்களிடம் சைகையே இல்லை. இருந்திருந்தாலும் அம்மா அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள்.

மாமனார் புதுத் தலையோடு வீட்டுக்குள் வந்து, "இந்தப் பார்பர் என்னைக் கேட்காமலே மீசையில கை வெச்சுட்டான்" என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பியவர், பேத்தி கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு சத்தமில்லாமல் அழுவதைப் பார்த்தார். கை வீங்கி, மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. "ஏம்மா!" என்று அவர் போட்ட சத்தம் அந்தக் காலத்து ஏர் ஹாரன். ஹெட்செட்டைத் தாண்டி அது கேட்டது. அப்போதுதான் ஹலோ அக்கா திரும்பினாள்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் கட்டுப் போட்டுக்கொண்டே, "விழுந்த உடனே அம்மாவைக் கூப்பிடலையா செல்லம்?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

"அம்மா ஹெட்செட் மாட்டியிருந்தாங்க" என்றாள் பொடிசு.

வேலையிலிருந்து அப்படியே கிரீஸ் கையோடு ஓடி வந்திருந்த புருஷன், "அதுக்குள்ள ஷிஃப்ட் முடிஞ்சிருக்குமே?" என்றான்.

"முடிஞ்சிடுச்சு. கம்ப்யூட்டர் ஆஃப் ஆயிருந்துச்சு. அம்மா யார்கிட்டயும் பேசல. ஆனா மாட்டியிருந்தாங்க. அதான் நின்னேன்."

குற்றம் சொல்லும் குரலே இல்லை அது. வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. ஹலோ அக்காவுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று ஆகிவிட்டது. புருஷன் அவளை ஒரு பார்வை பார்த்தான். டாக்டர் முன்னால் எதுவும் கேட்கவில்லை. ஆட்டோவில் வரும்போதுதான் கேட்டான்.

"சும்மா உட்கார்ந்திருந்தியா?"

"ஆமா."

"தினமுமா?"

"ஆமா" என்றாள். பொடிசு கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து, அதில் யார் யாரைப் படம் வரைய விடலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தாள்.

கட்டை ஒரு நாள் அவிழ்த்தாயிற்று, கையும் சேர்ந்துவிட்டது. சேராமல் போனது வேறொன்று. அந்த நாளிலிருந்து பொடிசு எது சொல்வதானாலும், "அம்மா, பேசலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தாள். ஹெட்செட் மாட்டியிருந்தால் மட்டுமல்ல. தோசைக்கரண்டியோடு நிற்கும்போதும், தலை வாரிவிடும்போதும், பக்கத்தில் படுத்துக் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதும். வெறும் தலையைப் பார்த்தும் குழந்தைக்கு நம்பிக்கை வரவில்லை. எப்படி வரும்? மாட்டியிருக்கும்போது அம்மா சும்மா இருந்தாள் என்றால், கழற்றியிருக்கும்போது மட்டும் இருக்கிறாள் என்று என்ன நிச்சயம்?

"எப்ப வேணும்னாலும் பேசலாம்டி கண்ணு. கேட்கவே வேண்டாம். சும்மா 'அம்மா'ன்னு கத்து."

"போன்ல இருந்தா?"

"இருந்தாலும் கத்து."

"மார்க் போயிடுமே?"

"போனா போகுது."

பொடிசு சமர்த்தாகத் தலையை ஆட்டினாள். மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் வந்து, "பேசலாமா?" என்றாள். ஹலோ அக்காவுக்கு வாயில் நுரையோடு அழுகை வந்துவிட்டது. ஊரில் போகிறவன் வருகிறவன் எல்லாம் அனுமதியா கேட்கிறான்? முன்பின் தெரியாதவன் எல்லாம் "என்னம்மா நீ" என்று ஆரம்பித்து அவள் காதில் எரிச்சலைக் கொட்டிவிட்டுப் போகிறான். வயிற்றில் சுமந்து பெற்றது மட்டும் வாசலில் நின்று அனுமதி கேட்கிறது. அந்த ஒரு வார்த்தையைக் குழந்தை வாயிலிருந்து எப்படியாவது எடுத்துவிட வேண்டும், அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

முதலில் அவள் செய்தது சுத்தப் பைத்தியக்காரத்தனம். ஷிஃப்ட் முடிந்த நொடியில் ஹெட்செட்டைக் கழற்றி வீசிவிட்டு, மகள் பின்னாலேயே நிழலாகச் சுற்றினாள். "என்ன வேணும்? ஏதாவது சொல்லணுமா? ஸ்கூல்ல என்ன நடந்துச்சு? சொல்லு, சொல்லு." போலீஸ் விசாரணை தோற்றது. குழந்தை மிரண்டு போய்த் தாத்தா பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. சும்மா இருந்த அந்தக் கொஞ்ச நேரமும் போய்விட்டதால் ஹலோ அக்கா திரி கிள்ளிய வெடியானாள். ஒரு நாள் மெஷின் ஆடுகிறது என்று சொன்ன ஒரு ஆளிடம், "ஆடட்டும் சார், பாட்டுப் போடுங்க" என்று சொல்லிவிட்டாள். சூப்பர்வைசர் அன்றைக்கென்று பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எச்சரிக்கை வந்தது. அன்று சாயங்காலம் புருஷன் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அவள் பாத்திரங்களை உருட்டுகிற சத்தத்தைக் கேட்டான்.

"உனக்கு என்னதான் வேணும்? வாயைத் திறந்து சொல்லு."

"எனக்குத் தினமும் கொஞ்ச நேரம் யாரும் வேண்டாம். நீங்களும் வேண்டாம், மாமாவும் வேண்டாம், அவளும் வேண்டாம்." சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொள்ளப் பார்த்தாள். கதவோரம் பொடிசு நின்றுகொண்டிருந்தாள்.

புருஷன் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை, ஆனால் கெட்டவனும் இல்லை. கொஞ்சம் யோசித்தான். "அதை இப்படி நேரா சொல்லிட்டுப் போயேன். ஒளிஞ்சுக்கிட்டுதான் இருக்கணுமா?" என்றான்.

ஹலோ அக்கா மகள் முன்னால் போய் உட்கார்ந்தாள். "அம்மா இப்போ கீழே மைதானத்துக்குப் போறேன். வேலை ஒண்ணும் இல்லை. சும்மாதான் போறேன். கொஞ்ச நேரத்துல வந்துடுவேன். இந்த ஜன்னல்ல நின்னா நான் தெரிவேன். பார்த்துக்கோ" என்றாள்.

"சும்மாவா?" என்றாள் பொடிசு.

"சும்மா."

பொய் சொல்லாமல் வீட்டை விட்டு வெளியே வந்ததே தலையில் இருந்த மூட்டையை இறக்கி வைத்ததாக இருந்தது. ஆனால் கீழே இறங்கினால் அங்கே வேறு வம்பு காத்திருந்தது. கணக்கு டீச்சர். முதல் மாடி. சாயங்காலம் நடக்க வருகிறவர். ஹலோ அக்காவை மைதானத்தில் பார்த்ததும் டீச்சருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "அடியே, நீயா! தேடின ஆளே கிடைச்சுட்டே. எங்க வீட்டு மெஷின் தண்ணியை உறிஞ்ச மாட்டேங்குதுடி" என்று பிடித்துக்கொண்டார். அந்த மெஷின் வேறு கம்பெனி. சொன்னால் கேட்டால்தானே! மறுநாள் டீச்சரோடு அவர் தங்கையும் வந்தார், ஃப்ரிட்ஜோடு. ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு வரவில்லை என்பதுதான் குறை, மற்றதெல்லாம் வந்தது. ஹலோ அக்கா வேகமாக நடந்தாள். டீச்சரும் வேகமாக நடந்தார். இன்னும் வேகமாக நடந்தாள். "இரு இரு, இன்னொண்ணு கேட்கணும்" என்று டீச்சர் துப்பட்டாவைப் பிடிக்க வர, ஹலோ அக்கா பிடித்தாள் ஓட்டம்.

அவ்வளவுதான். அவள் ஓட ஆரம்பித்த கதை அவ்வளவுதான். உடம்பு இளைக்க வேண்டும், சர்க்கரை குறைய வேண்டும், சாதிக்க வேண்டும் என்றெல்லாம் எதுவும் கிடையாது. டீச்சரிடமிருந்து தப்பிக்க ஓடினாள். விளக்குக் கம்பம் வரை போனதும் நெஞ்சு வெடித்துவிடும் போல ஆகிவிட்டது. கம்பத்தைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கினாள். பின்னாலேயே வந்து சேர்ந்த டீச்சர் என்னவோ கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. ஒரு வார்த்தைகூட வரவில்லை. நாளெல்லாம் பேசிச் சம்பாதிக்கிற பொம்பளைக்குப் பேச முடியாமல் போனது எத்தனை பெரிய நிம்மதி என்று அந்தக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது.

மறுநாளும் ஓடினாள். செருப்பு வார் அறுந்தது. மூலைக் கடைக்குப் போய் ஷூ கேட்டாள். "பொண்ணுக்காம்மா?" என்றார் கடைக்காரர். "எனக்கு." "நடக்கவா?" "ஓட." "எங்கே?" என்று கேட்டுவிட்டார் மனுஷர். எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? "சுத்தி அதே இடத்துக்குத்தாங்க" என்றாள். போட்டுக்கொள்ளப் புருஷனின் பழைய பனியன் கிடைத்தது, லிஃப்ட் கம்பெனி கொடுத்தது. முதுகில் பெரிதாக 'அளவுக்கு மீறி ஏற்றாதீர்' என்று எழுதியிருக்கும். அதைப் படிப்பதற்காகவே மைதானத்துப் பையன்கள் அவள் பின்னால் ஓடினார்கள். மாமனார் ஜன்னலிலிருந்து, "யாராவது துரத்துறாங்களாம்மா? சொல்லு, இறங்கி வரேன்" என்று கத்தினார். முதல் வாரம் மாடிப்படி ஏற முடியவில்லை. கழிவறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. புருஷன் தொடையில் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே, "மெஷினுக்கு வாரண்டி இருக்கா?" என்று கேட்டு ஒரு குத்து வாங்கினான்.

ஆனாலும் விடவில்லை. போகும்போது ஒவ்வொரு நாளும் மகளிடம் சொல்லிக்கொண்டு போனாள். "ஓடப் போறேன். ஜன்னல்ல தெரிவேன்." ஓடும்போது நிமிர்ந்து பார்த்துக் கை காட்டினாள். முதலில் ஜன்னலில் சின்னத் தலை ஒன்று அசையாமல் நிற்கும். பதிலுக்குக் கை வராது. கொஞ்ச நாளில் கை வந்தது. கம்பத்தோடு நின்ற ஓட்டம் அரை மைதானம் ஆயிற்று, அப்புறம் ஒரு முழுச் சுற்று, அப்புறம் நிற்காமல் அடுத்தடுத்த சுற்றுகள். வீட்டுக்கு வரும்போது முகம் செக்கச்செவேல் என்றிருக்கும், ஆனால் பாத்திரம் உருளவில்லை. மெஷின் ஆடுகிறது என்கிற ஆளிடம், அடியில் நாலு காலும் சமமாக இருக்கிறதா பாருங்கள் சார் என்று நிஜமாகவே பொறுமையாகச் சொன்னாள். சூப்பர்வைசர் மார்க்கை அள்ளிப் போட்டார்.

எல்லாம் சரியாயிற்று, அந்த ஒன்றைத் தவிர. வீட்டுக்குள் வந்து ஷூவைக் கழற்றும்போது பொடிசு பக்கத்தில் வந்து நிற்பாள். "அம்மா, பேசலாமா?"

ஒரு சாயங்காலம் தாத்தாவோடு அவளும் கீழே வந்தாள். தாத்தா பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரில் முழுகிவிட்டார். ஹலோ அக்கா ஒரு சுற்று ஓடினாள், இன்னொரு சுற்று ஓடினாள். மூன்றாவதில்தான் கவனித்தாள், மைதானத்து வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகள் நிற்கிறாள், கால் மாற்றி மாற்றி. நிறுத்திக் கிட்டே போனால், பாத்ரூம் போக வேண்டும். எவ்வளவு நேரமாக? ரொம்ப நேரமாக. "ஏன்டி கூப்பிடல?" "நீ ஓடிட்டு இருந்தே." ஹலோ அக்காவுக்கு அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும் போல இருந்தது. ஹெட்செட் போய் ஷூ வந்திருக்கிறது, வேறு என்ன மாறிவிட்டது? மகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அன்று ராத்திரி ஷூவைப் பரணில் போட்டுவிடுவதா என்று ரொம்ப நேரம் யோசித்தாள்.

போடவில்லை. ஒளிந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மறுநாளும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். ஆனால் இறங்குவதற்கு முன்னால் மகளைப் பிடித்து நிறுத்தி ஒன்று சொன்னாள். "நீ கூப்பிட்டா நான் நிப்பேன். எங்கே இருந்தாலும் நிப்பேன். நம்பலைன்னா கூப்பிட்டுப் பாரு." பொடிசு அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். கூப்பிடவில்லை. அன்றைக்கும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை.

இதற்கு நடுவே கணக்கு டீச்சர் வேறு அவதாரம் எடுத்திருந்தார். மெஷின் சரியாகிவிட்டது, பேச வேறு விஷயம் இல்லை. அதனால் ஹலோ அக்காவின் சுற்றுகளை எண்ணும் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். கணக்கு டீச்சர் இல்லையா, எண்ணாமல் இருக்க முடியாது. "நேத்தைக்கு விட ஒண்ணு கூட! நாளைக்கு இன்னும் ஒண்ணு" என்று கம்பத்தடியில் நின்று கத்துவார். தினமும் ஓடுகிற அந்த நாலு பேர் நிற்காமல் எத்தனை சுற்றுப் போகிறார்களோ அத்தனை சுற்று இவளும் போக வேண்டும் என்று டீச்சர் கங்கணம் கட்டிக்கொண்டார். சாயங்காலம் நடக்க வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் விஷயம் பரவிவிட்டது. ஹலோ அக்காவுக்கும் உள்ளுக்குள் ஆசை வந்துவிட்டது. இல்லை என்று வெளியே சொன்னாள், அவ்வளவுதான்.

அந்த நாள் வந்தது. காற்று நன்றாக இருந்தது, காலும் நன்றாக இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் டீச்சர் கத்தினார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். நாலு பேரில் ஒருத்தர் வழிவிட்டு ஓரமாக ஓடினார். கடைசிச் சுற்று. தொண்டை உலர்ந்து, விலா பிடித்து, கண்ணில் வேர்வை கரித்தது. பாதி தாண்டியாயிற்று. இன்னும் கம்பம்தான் மிச்சம்.

"அம்மாஆஆ!"

மைதானம் முழுக்கக் கேட்டது. ஹலோ அக்காவின் கால் தானாக நின்றது. வேலிக்கு உள்ளே, ஓடுபாதைக்கு நடுவில், செருப்புகூடப் போடாமல் பொடிசு நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்து, இரண்டு கையும் இடுப்பில்.

"அம்மா! தாத்தா என் கலர் பென்சில்ல முதுகு சொறியறாரு!"

"ஏய் ஏய், நிக்காதே! கம்பம் இதோ இருக்குடி! தொட்டுட்டு வந்து பேசு!" என்று டீச்சர் அலறினார். "மொத்தக் கணக்கும் போச்சு, ஓடு!"

ஹலோ அக்கா ஓடவில்லை. மகளைப் பார்த்தபடி நின்றாள். பேசலாமா என்று கேட்கவில்லை. இந்தப் பிள்ளை கேட்கவே இல்லை! முட்டியில் கைகளை ஊன்றிக் குனிந்தாள். கண்ணிலிருந்து வழிந்ததில் எது வேர்வை, எது அழுகை என்று அவளுக்கே தெரியவில்லை.

"நீலக் கலர் பென்சில்மா! புதுசு! கூர் எல்லாம் போச்சு. குடுங்கன்னா, இரும்மா இன்னும் கொஞ்சம் மேலேங்கறாரு. நான் எத்தனை தடவை சொல்றது? அன்னைக்கு ஸ்கேலை எடுத்து இதையேதான் பண்ணினாரு, நான் உன்கிட்ட சொல்லவே இல்லை. அப்புறம் என் பிஸ்கட்டையும் அவருதான் தின்னாரு. அதுவும் சொல்லல. டிவில என் பொம்மைப் படம் வரும்போது மாத்தறாரு. சத்தமே வைக்காம எதுக்கு மாத்தணும்?"

மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் வந்துகொண்டே இருந்தது. மூன்றாவது மாடி ஜன்னலில் தாத்தா தலையை நீட்டி, "பொய்! பிஸ்கட் ஒண்ணே ஒண்ணுதான்!" என்று ஹாரன் அடித்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ ஏதாவது சொல்லேம்மா!" என்று பொடிசு காலை உதைத்தாள்.

சொல்ல மூச்சு இருந்தால்தானே. ஹலோ அக்கா மண்ணிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மகளின் கையைப் பிடித்து இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றாள்.